தீர்ப்பின் நகல் யாருக்கு? 404-ஆம் பிரிவுக்கு ஓர் உழவர்கரை உரை

புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சியில், ரெட்டியார்பாளையத்திலோ லாஸ்பேட்டையிலோ எப்போதோ பதிவான ஓர் அடிதடி வழக்கில் விடுதலையானவர், ஆண்டுகள் கழித்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறார். சரிபார்க்க வந்த காவலர் கேட்கிறார்: ‘கேஸ் என்ன ஆச்சு? ஜட்ஜ்மென்ட் காப்பி இருக்கா?’ விடுதலை என்று நீதிபதி சொன்னது இவர் காதில் விழுந்தது, அவ்வளவுதான். தாளாக எதையும் அன்று யாரும் வாங்கி வைக்கவில்லை. காவல் நிலையப் பதிவேட்டில் வழக்கு தொடங்கிய செய்தி எப்படியும் இருக்கும். அது முடிந்த செய்திக்கு நீதிமன்றத்தின் நகல்தான் சான்று. வழக்கு நிலுவையில் இருந்தால் வெளிநாடு செல்ல நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது 1993 ஆகஸ்ட் மாத மத்திய அரசு அறிவிக்கையிலிருந்து நடைமுறை. ஆகவே ‘நிலுவையில் இல்லை’ என்று காட்டும் பொறுப்பு இவர் தலையில் வந்து விழுகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு வேறொரு வழி பழக்கம். பிரான்சின் நாந்த் நகரில் உள்ள தேசியக் குற்றப் பதிவகத்தைக் கேட்டால், ‘மூன்றாம் எண் சான்று’ எனப்படுவது உரியவர் பெயருக்கே வந்து சேரும். இந்தியாவில் ஒருவர் தம் தீர்ப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிக் கேட்டு வாங்க முடியாது. எந்த நீதிமன்றம் விசாரித்ததோ அங்கேதான் போக வேண்டும். உழவர்கரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் அது கடலூர் சாலையில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம்.

அங்கே போய் எதை, எந்த உரிமையில் கேட்பது? அதற்கு விடை தரும் மூலம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. அதற்கு முந்தைய 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதே விதி 363-ஆம் பிரிவாக இருந்தது. புதிய சட்டம் வருவதற்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கின்றன. எனவே பழைய வழக்குக்கு மனு எழுதுபவர் 363 என்று குறிப்பிடலாம். கிடைக்கும் உரிமை ஏறத்தாழ ஒன்றே. பிரிவில் ஆறு உட்பிரிவுகள். ஒவ்வொன்றின் பொருளையும் தமிழில் தந்து, அதன்மேல் உரை சொல்கிறேன்.

உட்பிரிவு 1: சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்கு, தீர்ப்பு சொன்ன உடனே அதன் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும்.

‘சிறைத் தண்டனை’ என்றதனால், அபராதம் மட்டும் கட்டியவருக்கும் விடுதலையானவருக்கும் இந்த உட்பிரிவு பொருந்தாது. ‘உடனே’ என்றதனால், மனுப் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தருவது நீதிமன்றத்தின் கடமை.

இந்தச் சிறு வாசகத்தின் பின்னே எவ்வளவு துன்பம் இருக்கிறது என்பதை 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹோஸ்கோட் வழக்கு காட்டும். மும்பை உயர் நீதிமன்றம் 1973-இல் தண்டித்த ஒருவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தீர்ப்பின் நகல் உரிய காலத்தில் கையில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். தண்டனை பெற்றவருக்கு நகலை விரைவாகவும் இலவசமாகவும் தர வேண்டும், சிறைக்கு அனுப்பினால் சிறை அதிகாரி அதைக் கைதியிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புகை பெற வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். மேல்முறையீடு என்ற உரிமை தாளில் இருந்து என்ன பயன், எதை எதிர்த்து முறையிடுவது என்று தெரிவிக்கும் தாள் கைதியிடம் இல்லாதபோது?

காலாப்பட்டு மத்திய சிறையில் மகன் இருக்கிறான் என்றால், ‘அவன் கையில் தீர்ப்பின் நகல் இருக்கிறதா?’ என்பதுதான் வீட்டார் முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்வி. மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத தண்டனை என்றால், ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவரை மேல்முறையீடு செய்வதற்காக விசாரணை நீதிமன்றமே ஜாமீனில் விடலாம். அப்படி வெளியே வருபவர் அன்றே நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

உட்பிரிவு 2: குற்றம் சாட்டப்பட்டவர் விண்ணப்பித்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகலோ, அவர் விரும்பினால், நடைமுறைக்கு இயன்றவரை அவருடைய மொழியில் அல்லது நீதிமன்ற மொழியில் மொழிபெயர்ப்போ தாமதமின்றித் தரப்பட வேண்டும். அவர் மேல்முறையீடு செய்யக்கூடிய தீர்ப்பானால் அது இலவசம். மரண தண்டனையை உயர் நீதிமன்றம் விதித்தாலோ உறுதி செய்தாலோ, கேட்டாலும் கேளாவிட்டாலும் நகல் உடனே இலவசமாகத் தரப்பட வேண்டும்.

பிரிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘விண்ணப்பித்தால்’ என்றதனால், கேளாதவருக்குக் கிடைக்காது என்பது பெறப்படும். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று பொதுவாகச் சொன்னதனால், தண்டிக்கப்பட்டவர், விடுதலையானவர் இருவருமே கேட்கலாம். ஆனால் இலவசம் என்பது ‘அவர் மேல்முறையீடு செய்யக்கூடிய தீர்ப்பு’க்கு மட்டும். விடுதலையை எதிர்த்து விடுதலையானவரே முறையிடப் போவதில்லை. எனவே அவர் கட்டணம் செலுத்தியே வாங்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்த வழக்கில் மேல்முறையீடு இல்லை. அங்கேயும் இலவசம் இல்லை. விடுதலைத் தீர்ப்பின் நகல் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் தேவைப்படக்கூடிய தாள். அதையும் முதல் உட்பிரிவில் சேர்த்துக் கேளாமலே கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

‘சான்றிட்ட நகல்’ என்பதை மனத்தில் இருத்த வேண்டும். தீர்ப்பை இயன்றவரை 7 நாளுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 392-ஆம் பிரிவு. நல்ல ஏற்பாடு. வீட்டிலிருந்தே படித்துப் பார்க்கலாம். ஆனால் அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனால் மேல்முறையீட்டுக்கோ அரசு அலுவலகத்துக்கோ போதாது. உண்மை நகல் என்ற குறிப்பு, தேதி, அதிகாரியின் கையெழுத்து, பதவி, முத்திரை இவையெல்லாம் அடியில் இருந்தால்தான் அது சான்றிட்ட நகல்.

நகலில் இன்னொரு வரிசையும் இருக்கும். விண்ணப்பித்த தேதி, நகல் கட்டணத்துக்கான ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. வெறும் அலுவலகக் குறிப்பு என்று இதைக் கடந்துவிடக் கூடாது. நடுவர் நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றத்தில் முறையிட 30 நாள். செஷன்ஸ் நீதிமன்றத் தண்டனையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிட 60 நாள். நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தை இந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கழிவு தொடங்குவது மனுப் போட்ட நாளிலிருந்துதான். மனுப் போடாமல் வீட்டில் கழித்த நாள் ஒன்றும் திரும்பி வராது. ஸ்டாம்ப் கேட்டு அறிவிப்பு ஒட்டியும் கட்டாமல் விட்ட நாள்களையும் ‘தேவைப்பட்ட காலம்’ என்று வாதிடுவது கடினம். எனவே தீர்ப்பு நாளன்றே காப்பி அப்ளிகேஷன் போட்டுவிட வேண்டும். முறையிடுவதா வேண்டாமா என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

இனி மொழி. புதுச்சேரி நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தண்டிக்கப்பட்டவரின் மொழி உழவர்கரையில் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுதுக்கும் உயர் நீதிமன்றம் சென்னையில். இந்த ஊரில் மொழி ஓர் ஓரத்துச் செய்தி அல்ல என்பதற்கு முந்நூறு ஆண்டுக்கு முந்தைய சான்று உண்டு. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பர் 1716-இல் ஆளுநர் எபேர் காலத்தில் தண்டிக்கப்பட்டார்: கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவர் தரப்பு பாரிஸ் வரை முறையிட்டது. விசாரணை நடந்த விதமும் மொழிபெயர்ப்பு நடந்த விதமும் அந்த முறையீடுகளில் பேசப்பட்டன. கடைசியில் தண்டனை நீக்கப்பட்டது. அவர் உயிரோடு இல்லை.

இதையெல்லாம் தெரிந்து படிக்கும்போது, ‘நடைமுறைக்கு இயன்றவரை’ என்ற சொற்கள் உறுத்துகின்றன. இயலாது என்று சொல்ல அவை இடம் தருகின்றன. என்றாலும் ‘எனக்குத் தமிழில் மொழிபெயர்ப்பு வேண்டும்’ என்று மனுவில் ஒரு வரி எழுதுவதற்குத் தடை ஏதும் இல்லை. அந்த வரியை எழுதுவோர் பெருகினால்தான் நடைமுறை இயலும் பக்கம் சாயும்.

உட்பிரிவு 3: நன்னடத்தை, அமைதி காத்தலுக்காகப் பிணைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லும் 136-ஆம் பிரிவு உத்தரவுக்கும் மேற்சொன்ன உரிமைகள் பொருந்தும்.

தேர்தலோ திருவிழாவோ வந்தால் காவல் நிலையங்கள் சிலரைப் பிணையில் எழுத வைப்பது வழக்கம். பழைய சட்டத்தில் 107, 110 என்று எல்லாரும் சொல்லும் நடவடிக்கைகள் புதிய சட்டத்தில் 126, 129 பிரிவுகளில் இருக்கின்றன. இவை நடப்பது நிர்வாக நடுவர் முன்னால். ஆகவே இந்தக் கோப்பைக் கடலூர் சாலை வளாகத்தில் தேடி அலையக் கூடாது. வருவாய்த் துறையில் நிர்வாக நடுவராக அமர்ந்து உத்தரவிட்ட அதிகாரியின் அலுவலகத்தில் கேட்க வேண்டும். தண்டனை அல்ல என்பதால் பலரும் இந்த உத்தரவின் நகலை வாங்குவதில்லை. பிறகு அதே உத்தரவு வேறொரு வழக்கில் அவர்களுக்கு எதிராகக் காட்டப்படும்போது, அதில் என்ன எழுதியிருந்தது என்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

உட்பிரிவு 4: மரண தண்டனை பெற்றவருக்கு மேல்முறையீட்டு உரிமை இருந்தால், அதற்கான காலக்கெடுவை நீதிமன்றமே அவரிடம் சொல்ல வேண்டும்.

பொருள் வெளிப்படை. அந்தக் காலக்கெடு 30 நாள்.

உட்பிரிவு 5: தீர்ப்பாலோ உத்தரவாலோ பாதிக்கப்பட்ட எவரும் விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தினால், அந்தத் தீர்ப்பு, உத்தரவு, சாட்சியம், வழக்குக் கட்டின் பிற பகுதி ஆகியவற்றின் நகல் தரப்பட வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் நீதிமன்றம் இலவசமாகவும் தரலாம்.

‘எவரும்’ என்றதனால், குற்றம் சாட்டப்பட்டவரோடு இந்த உரிமை நிற்கவில்லை. அடிபட்டவர், புகார் கொடுத்தவர், வண்டி பறிமுதலாகி நிற்கும் உரிமையாளர், ஜாமீன் கையெழுத்துப் போட்டுப் பத்திரத் தொகையைக் கட்டச் சொல்லப்பட்டவர், எல்லாரும் உத்தரவால் தொடப்பட்டவர்கள்தாம். பாதிக்கப்பட்டவருக்கு விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து முறையிடும் உரிமை 2009 டிசம்பர் 31 முதல் சட்டத்தில் இருக்கிறது. அந்த உரிமைக்கு முதல் படியே தீர்ப்பின் நகல். ‘நீ பார்ட்டி இல்லையே, காப்பி எதுக்கு?’ என்று யாராவது கேட்டால் இந்த உட்பிரிவைச் சொல்லலாம். 1898-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே 548-ஆம் பிரிவாக இருந்த பழைய உரிமை இது.

‘சாட்சியம், வழக்குக் கட்டின் பிற பகுதி’ என்றதனால், தீர்ப்பு மட்டும் அல்ல. சாட்சி சொன்னதும், குறியிட்ட ஆவணங்களும், இடையில் போட்ட உத்தரவுகளும் கேட்கத்தக்கவை. மனுவில் ‘எல்லாம் வேண்டும்’ என்று எழுதாமல், எந்தச் சாட்சி, எந்தத் தேதி உத்தரவு என்று பிரித்து எழுதினால் நகல் பிரிவில் வேலை சீக்கிரம் நடக்கும்.

விண்ணப்பிக்க வழக்கு எண் வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. கையில் இருப்பது காவல் நிலையத்தின் குற்ற எண். நீதிமன்றம் கேட்பது தன் எண். நடுவர் நீதிமன்றத்தில் வழக்கு கோப்பில் ஏறும்போது சி.சி. எண், கொலை போன்ற வழக்கானால் முதலில் பி.ஆர்.சி., செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போனபின் எஸ்.சி. எண். ஆக ஒரே வழக்குக்கு மூன்று எண்கள் இருக்கக்கூடும். இ-கோர்ட்ஸ் தளத்திலோ அதன் செயலியிலோ காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு கொடுத்துத் தேடினால் நீதிமன்ற எண் கிடைக்கும், கட்டணம் இல்லை. கூடவே 16 இலக்கமுள்ள சி.என்.ஆர். எண்ணும் வரும். அதைக் குறித்துக்கொண்டால் அடுத்த முறை வேறெதுவும் தேட வேண்டாம்.

பெயரைக் கொண்டு தேடுவது புதுச்சேரியில் எளிதல்ல. முருகன் என்ற பெயரை இங்கே சிலர் பிரெஞ்சு வழக்கப்படி ‘ஓ’வும் ‘யு’வும் சேர்த்து, இறுதியில் ஓர் ‘ஈ’யும் இட்டு எழுதுவார்கள். எஃப்.ஐ.ஆர். எழுதியவர் தமிழ்நாட்டு வழக்கில் வெறும் ‘யு’ இட்டு எழுதியிருப்பார். கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆள்கள். ஆகவே பெயரில் கிடைக்கவில்லை என்றால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, எஃப்.ஐ.ஆர். எண்ணில் தேட வேண்டும்.

எல்லையும் குழப்பும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்று வடக்கே போனால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. அங்கே நடந்த விபத்துக்கு உழவர்கரைக்காரர் மேல் வழக்கு என்றால், அந்தக் கட்டு விழுப்புரம் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் இருக்கும். தளத்தில் புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் எத்தனை முறை தேடினாலும் வராது.

வழக்கு இன்னும் தீராதபோது வேண்டியவை வேறு. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். நுட்பமான தன்மை கொண்ட சில குற்றங்கள் நீங்கலாக, பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலங்கள் ஆகியவற்றின் நகல், குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் அவருக்கும், வழக்கறிஞர் வைத்துள்ள பாதிக்கப்பட்டவருக்கும் தரப்பட வேண்டும் என்பது 230-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் ‘தாமதமின்றி’ என்று மட்டும் இருந்ததற்கு இப்போது நாள் கணக்கு வந்திருப்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல, அதை எல்லாரும் பார்க்க இணையத்தில் ஏற்றச் சொல்ல முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கட்டணத்துக்கு வழியில்லாதவர் ‘சிறப்புக் காரணம்’ என்ற சொற்களைப் பயன்படுத்த வேண்டும். காரணத்தை மனுவிலேயே எழுதலாம். பெண்கள், சிறார், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகினால் மனு எழுதவே ஆள் கிடைக்கும்.

உட்பிரிவு 6: தீர்ப்பால் பாதிக்கப்படாத ஒருவருக்கும் நகல் தர உயர் நீதிமன்றம் விதி வகுக்கலாம், கட்டணமும் நிபந்தனையும் அந்த விதிப்படி.

ஐந்தாவதில் ‘தரப்பட வேண்டும்’ என்றிருந்தது இங்கே ‘விதி வகுக்கலாம்’ என்று தளர்கிறது. வெளியாளுக்கு உரிமை முழுதாக இல்லை, வழி மட்டும் உண்டு என்பது கருத்து. சென்னை உயர் நீதிமன்றம் குற்றவியல் நடைமுறை விதிகளை 2019-இல் புதுப்பித்தது. நகல் கேட்கும் செய்தியாளரோ ஆய்வாளரோ அந்த விதிகளின்படி, ஏன் வேண்டும் என்று காரணம் காட்டி மனுப் போட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் போதாதா என்று பலர் எண்ணுகிறார்கள். நீதிமன்ற விதிகளில் வழி இருக்கும்போது வழக்குக் கட்டின் நகலுக்கு அந்த வழியிலேயே வர வேண்டும் என்று 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

இந்தக் கட்டுப்பாட்டை முழுதும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு வாடகைக்குக் கொடுப்பவரும் பெண் பார்க்க வருபவரும் அடுத்தவரின் பழைய வழக்கைத் தோண்டுவதற்கு நீதிமன்றம் உதவ வேண்டியதில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். சிறாரின் வழக்குக்கும் அப்படியே. விடுதலையானவரின் பெயரை இணையத் தீர்ப்பிலிருந்து மறைக்கலாமா என்ற கேள்வி நம் உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. என் பார்வையில், நீதிமன்றம் எப்படித் தீர்ப்பளிக்கிறது என்பதைக் குடிமக்கள் படிக்க வேண்டும். அதற்கு விடுதலையானவரின் பெயர் தேவைப்படுவதில்லை.

பிரிவு சொல்லாத ஒன்றையும் உரையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. கட்டு எவ்வளவு காலம் இருக்கும்? தீர்ந்த வழக்கின் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போகும். 1917-ஆம் ஆண்டின் பதிவேடுகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, காலம் முடிந்ததும் அழிக்கப்படலாம். சிறு வழக்குகளின் தாள்கள் முதலில் போகும். ‘கட்டு அழிக்கப்பட்டது’ என்று வாய்மொழியாகச் சொன்னால் அதோடு திரும்பிவிடக் கூடாது. காப்பி அப்ளிகேஷன் மேலேயே அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்ல வேண்டும். வழக்குப் பதிவேட்டில் முடிவு எழுதப்பட்ட வரி இருந்தால் அதன் நகலையும் கேட்க வேண்டும். போலீஸ் சரிபார்ப்பில் காட்ட இவையாவது இருக்கும்.

இந்தியத் தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது 1963 அக்டோபர் 1 அன்று. அதற்கு முந்தைய பிரெஞ்சுக் காலத்து வழக்கைத் தேடும் குடும்பத்தாரும் ஆய்வாளரும் கடலூர் சாலையோடு நின்றுவிட வேண்டாம். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம் உழவர்கரை நகராட்சிக்குள்ளேயே, லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகம் எடுத்துச் சென்ற ஆவணங்கள் பிரான்சின் எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் நீதிமன்றமாகவும் இருந்த புதுச்சேரி மேலவையின் தீர்ப்புகளைத் தேட அங்கே போக வேண்டியதில்லை. வழக்கறிஞர் ஞானு தியாகு அவற்றைத் தொகுத்து 1930-களில் பல பாகங்களாக அச்சிடத் தொடங்கினார்.